துண்டுக்கு அடியில் இருந்த கணக்கு

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்கிற தரகனை யாரும் மதிக்க மாட்டார்கள். விற்கிறவன் கையும் தரகன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். உள்ளே விரல்கள் பேசும். வெளியே இரண்டு முகங்களும் புளியமரத்தையோ, சாயாக் கடையையோ பார்த்துக்கொண்டிருக்கும். சுற்றி நூறு பேர் நின்றாலும் எத்தனைக்குப் படிந்தது என்பது அந்த இரண்டு கைகளுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆறுச்சாமி இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சந்தையில் தரகர். அவர் முகத்தைப் பார்த்து விலை கண்டுபிடித்தவர் கிடையாது. அது சந்தையில் அவருக்குப் பெருமை. ஆனால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகும் அந்த முகம் அப்படியே இருந்ததே, அங்கேதான் அந்தக் குடும்பத்தின் துயரம் தொடங்கியது.

"இன்னிக்கு எத்தனை கெடச்சுதுங்க?" என்று மனைவி கமலாத்தாள் கேட்பாள்.

"கெடச்சுது" என்பார்.

பதினாறு வருஷத் தாம்பத்தியத்தில் அந்தக் கேள்விக்கு அவள் பெற்ற பதில் அந்த ஒரே சொல்தான். அரிசிக்கும் உப்புக்கும் எண்ணெய்க்கும் குறையில்லாமல் கொடுத்துவிடுவார். ஒரே மகள் பழனாத்தாளைக் கொழிஞ்சாம்பாறைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படிக்கவைத்தார். குடியில்லை, சீட்டில்லை. நன்றாகச் சம்பாதித்தார். நன்றாகச் சேர்க்கவும் செய்தார். எங்கே சேர்த்தார், எவ்வளவு சேர்த்தார் என்பதுதான் அவரைத் தவிர இன்னொரு உயிருக்கு முழுசாகத் தெரியாது.

அவர் சேர்த்தது பெட்டியில் அல்ல. பிறர் வீட்டுத் தொழுவங்களில். சந்தையில் மலிவாக ஒரு கன்று படிந்தால் வாங்கி, புல்லும் ஆளும் உள்ள ஒரு வீட்டில் பங்கு பேசி வாரத்துக்கு விட்டுவிடுவார். அந்த வீட்டார் வளர்ப்பார்கள். இரண்டு வருஷம் கழித்து விற்றால், கன்று வாங்கிய விலை முதலில் அவருக்கு. மேலே கிடைத்ததில் ஆளுக்குப் பாதி. காளைக்கன்று ஒவ்வொன்றும் அவருக்கு வளர்ந்துகொண்டே போகும் ஒரு முடிச்சுப் பணம். அதற்கு எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது.

"எழுதி வெச்சா நாலு கண்ணு பாக்கும். மனசுல வெச்சா எவன் பாக்கறது?" என்று ஒருமுறை சொன்னார். கமலாத்தாள் அதற்கு மேல் கேட்கவில்லை.

இத்தனையும் எதற்காக? வண்ணாமடை ஓரத்தில் இரண்டு ஏக்கர் கடலைக்காடு. ஒரு மூலையில் கல் கட்டிய கிணறு, கோடையிலும் வற்றாதது. கல்பாத்தி சாம்பசிவன் என்பவருடைய பூர்வீக நிலம். அடுத்தவர் காட்டில் குடிசை போட்டுக் காலம் தள்ளிய ஆறுச்சாமிக்கு அந்தக் கிணற்றுமேட்டில் ஒரு வீடு கட்டிவிட வேண்டும் என்பதுதான் வாழ்நாள் ஆசை. ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு விலை பேசி, ஐநூறு முன்பணம் கொடுத்தார். "வாய்ப்பேச்செல்லாம் நமக்கு ஆகாது" என்று சாம்பசிவன்தான் வற்புறுத்திக் கரார் என்கிற ஒப்பந்தம் எழுதிக் கைநாட்டு வாங்கினார். மீதி எழுநூறு தை முப்பதாம் தேதிக்குள். தவறினால் முன்பணம் போனதுதான்.

கேரளம் என்று ஒரு மாநிலம் பிறந்து ஒரு வருஷம் கழிந்த அந்த மார்கழியில், சந்தையின் நடுவே, துண்டுக்கு அடியில் ஆறுச்சாமியின் வலது கை பேசிக்கொண்டிருக்கும்போதே ஓய்ந்தது. விற்க வந்தவன் விலை படியாமல்தான் தரகர் யோசிக்கிறார் என்று எண்ணிக் காத்திருந்தான். அவர் சரிந்து விழுந்த பிறகுதான் அலறினான்.

பக்கவாதம். வலப்பக்கம் முழுவதும் போயிற்று. வாய் கோணிப் பேச்சும் போயிற்று. வைத்தியர் எண்ணெயும் கஷாயமும் கொடுத்து, "உசுருக்குப் பயமில்லை. நாக்கு திரும்பறது ஆண்டவன் கையில" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐயோ, அந்த வீட்டின் நிலைமையை என்னவென்று சொல்வது! படுக்கையில் கிடந்த மனிதரின் தலைக்குள் அந்த மீதிப் பணத்தின் கணக்கு பத்திரமாக இருந்தது. கண் திறந்திருந்தது. புத்தி தெளிவாக இருந்தது. கதவு மட்டும் சாத்திக்கொண்டது.

கமலாத்தாள் வீட்டைப் புரட்டிப்போட்டுத் தேடினாள். தகரப் பெட்டியின் அடியில் கிடைத்தது அந்தக் கரார் ஒன்றுதான். பழனாத்தாள் எழுத்துக்கூட்டிப் படித்துச் சொன்னபோது, தை முப்பதுக்கு இன்னும் முப்பத்தைந்து நாள்தான் இருந்தது. கன்றுகள் எங்கெங்கே நிற்கின்றன? பக்கத்து இரண்டு வீடுகளில் நிற்பது அவளுக்குத் தெரியும். மற்றவை?

அவரைப் பார்க்க மிக்கேல் வந்தார். அதே சந்தையில் தரகர். இருபது வருஷமாக ஆறுச்சாமிக்குப் போட்டிக்காரர். ஒரு சீப்புப் பூவன்பழத்தை வைத்துவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்தவரிடம் கமலாத்தாள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"எடது கை அசையுதுங்களா?" என்று கேட்டார் மிக்கேல்.

"அசையுதுங்க. டம்ளர் புடிக்கறாரு."

"அப்பறமென்ன அம்மிணி! தரகனுக்குக் கையிருந்தா வாயெதுக்கு?" என்று துண்டை எடுத்து ஆறுச்சாமியின் இடக்கை மேல் போர்த்தி, தம் கையை உள்ளே விட்டார். "கவுண்டரே, நாந்தான் மிக்கேலு. கன்னுக்கணக்கச் சொல்லுங்க."

ஆறுச்சாமியின் கை இறுக மூடிக்கொண்டது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஆனால் முஷ்டி திறக்கவில்லை.

மிக்கேல் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "பாத்தீங்களா! காலு போச்சு, நாக்குப் போச்சு. எனக்கு வெலை சொல்லோணும்னா மட்டும் கை மூடிக்குது. இவரு சொல்ல மாட்டாருங்க. நீங்கதான் கத்துக்கோணும்."

"நானா?" கமலாத்தாள் இரண்டடி பின்வாங்கினாள். வேற்று ஆணின் கையைத் துண்டுக்கு அடியில் பிடிப்பதா! மிக்கேலுக்கும் அப்போதுதான் உறைத்தது. எழுந்து போனவர், மறுநாள் தம் மனைவி கத்தரீனாளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

வாசலில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். மிக்கேல் கத்தரீனாளின் இடக்கையைத் துண்டுக்குள் பிடித்தார். அவர் பிடித்ததைப் போலவே கத்தரீனாள் தன் வலக்கையால் கமலாத்தாளின் கையைப் பிடித்தாள்.

"கல்யாணத்தன்னிக்குப் புடிச்ச கைங்கக்கா. அதுக்கப்பறம் இன்னிக்குத்தான் புடிக்கறாரு. அதும் மாட்டு வெலைக்கு" என்றாள் கத்தரீனாள்.

"சும்மா இரு புள்ள. இது எத்தனை?"

"எனக்கென்ன தெரியும்? அக்காவுக்கு அப்படியே தள்ளி உட்டுட்டன்."

பதினைந்து நாளில் அன்றுதான் கமலாத்தாள் சிரித்தாள். முழு விரலைப் பிடித்தால் பத்து. விரல் நுனியை அமுக்கினால் ஒன்று. உள்ளங்கையை ஒருமுறை கீறினால் ஐந்து. ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தால் ஐம்பது. மணிக்கட்டைப் பிடித்தால் நூறு. தப்பும் தவறுமாகச் சொல்லிச் சொல்லி, பொழுது சாய்வதற்குள் அவளுக்கு விரல்பாஷை வந்துவிட்டது.

அவர்கள் போன பிறகு கட்டிலருகே உட்கார்ந்து, துண்டைப் போர்த்தி, கணவன் கையைத் தொட்டாள். முஷ்டி மூடியிருந்தது.

"நானுங்க. கமலா."

திறக்கவில்லை. பிள்ளை பெற்றுக் கொடுத்தவளிடமும் அந்தக் கை மூடியே கிடந்தது. கோபம் வந்தது. அழுகை வந்தது. பிறகு என்ன தோன்றியதோ, குனிந்து மெதுவாகச் சொன்னாள்:

"பயத்தம்பருப்புப் பானைக்குள்ள எழுவது ரூவா வெச்சிருக்கறனுங்க. ஒம்பது வருசமா. தயிரு வித்த காசு. ஒருக்காக்கூட உங்ககிட்டச் சொன்னதில்லை."

ஆறுச்சாமியின் கண்கள் அவளை நோக்கித் திரும்பின. ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் சேர்த்துக்கொண்டிருந்தார்களே! சேர்ந்து உட்கார்ந்து பத்து நிமிஷம் பேசியிருந்தால் போதாதா? கோணிய வாயிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. சிரிப்போ விம்மலோ, அவளுக்குத் தெரியவில்லை. கை திறந்தது.

விரல் எண்ணைத்தான் சொல்லும், பெயரைச் சொல்லாது. அதனால் ஊர் ஊராக, வீடு வீடாக அவள் பெயர் சொல்லிக்கொண்டே போனாள். இல்லையென்றால் கை சும்மா இருக்கும். உண்டென்றால் கன்று வாங்கிய விலையை அமுக்கும். பழனாத்தாள் பக்கத்தில் பள்ளி நோட்டைப் பிரித்து வைத்து எழுதினாள். பெயர்களைச் சொல்லி முடிக்க மூன்று நாள் ஆயிற்று. தெரிந்த இரண்டோடு புதிதாக நான்கு வீடுகள். மொத்தம் ஆறு காளைகள். கடைசியாக அகப்பட்ட பெயர் எருத்தேன்பதி சோலை. அந்தப் பெயருக்கு ஆறுச்சாமி அவளுடைய ஐந்து விரலையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்தார். ஐம்பது. ஆறிலும் விலை கூடிய கன்று அதுதான்.

ஐந்து வீட்டார் நல்லவர்கள். "அம்மிணி, நீங்க எப்ப வருவீங்கன்னுதான் பாத்துட்டிருந்தம்" என்றார்கள். ஒருவர் மட்டும் முப்பதுக்கு வாங்கிய கன்று என்று தொடங்கினார், அவள் நாற்பத்தாறு என்று நோட்டைப் பார்த்துச் சொன்னதும், "ஆமாமா, நாப்பத்தாறு. மறந்துபோச்சு" என்று ஒப்புக்கொண்டார். அடுத்த சந்தையில் மிக்கேல் முன்னின்று ஐந்தையும் விற்றுக் கொடுத்தார். தரகு வாங்கவில்லை. பங்கு போக ஆறுச்சாமிக்கு வந்தது சரியாக ஐநூறு ரூபாய். பயத்தம்பருப்புப் பானை எழுபது. இன்னும் நூற்று முப்பது வேண்டும். தை முப்பதுக்கு ஏழு நாள்.

சோலையின் தொழுவத்தில் செவலைக்காளை ஒன்று மினுமினுவென்று நின்றது. இருநூற்றுப் பத்துக்குக் குறையாது என்று மிக்கேல் முன்பே பார்த்துச் சொல்லியிருந்தார். ஐம்பது முதல், மேலே நூற்று அறுபதில் பாதி எண்பது. நூற்று முப்பது! கடவுளே எண்ணி வைத்ததுபோல் இருந்தது.

"வாங்க அம்மிணி. கவுண்டருக்கு எப்படிங்க இருக்குது?" என்றான் சோலை.

"அப்படியேதான் கெடக்கறாரு. செவலை நல்லா வளந்திருக்குதே."

சோலையின் சிரிப்பு மறைந்தது. "அதுங்களா? அது நான் சொந்தமாப் புடிச்சதுங்க. உங்க கன்னு போன வருசம் கோமாரியில போயிருச்சே. கவுண்டருகிட்ட அப்பவே சொன்னனே."

"செத்த கன்னுக்கு யாராச்சும் வெலை சொல்லுவாங்களா? அம்பது ரூவாக் கன்னுன்னு எங்கையில சொன்னாருங்க."

"கையிலயா?" சோலை அக்கம்பக்கத்தாரைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தான். "இழுத்துட்டுக் கெடக்கற கை துடிக்கறதெல்லாம் கணக்காகுமா? எழுத்து இருக்குதா? சாட்சி இருக்குதா? இருந்தா கொண்டாங்க, காளைய அவுத்துட்டுப் போங்க."

அவள் திரும்பி நடந்தாள். மறுநாள் காலையில் எருத்தேன்பதி வீதியில் ஒரு மாட்டுவண்டி வந்து சோலை வீட்டு முன் நின்றது. வைக்கோல் மெத்தையில் ஆறுச்சாமி கிடந்தார். வண்டியோட்டி வந்தவர் மிக்கேல். சந்தையில் சிங்கம்போல் நடந்த மனிதரை அந்தக் கோலத்தில் பார்த்து வீதியில் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கமலாத்தாள் கணவனின் இடக்கையை எடுத்து வண்டியின் விளிம்பில் வைத்தாள். மேலே துண்டைப் போர்த்தினாள்.

"சோலை, வா. துண்டுக்குள்ள கைய வெய்யி. கன்னு செத்துப்போச்சுன்னு இவரு கையில சொல்லு. சொல்லீட்டீன்னா நான் திரும்பிப் பாக்காம போயர்றன்."

மாட்டின் வயதில் பொய் சொல்வார்கள், பல்லில் பொய் சொல்வார்கள், பாலில் சொல்வார்கள். அந்தச் சீமையில் துண்டுக்கு அடியில் மட்டும் பொய் சொல்வதில்லை. சோலைக்கும் அது தெரியும். ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது. ஆறுச்சாமியின் கை துண்டுக்கு அடியில் விரிந்து காத்திருந்தது.

சோலை இரண்டு கைகளையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டான்.

"எனக்கு வேலை கெடக்குது. பைத்தியக்கார வெளையாட்டுக்கெல்லாம் நான் வர்ல" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

"போதும்டா சோலை. ஊருக்கே தெரிஞ்சுபோச்சு" என்று கூட்டத்தில் ஒருவர் காறித் துப்பினார்.

ஊருக்குத் தெரிந்தது. ஆனால் ஊருக்குத் தெரிந்ததை வைத்துக் காளையை அவிழ்க்க முடியுமா? எழுத்தில்லை. செவலை தொழுவத்திலேயே நின்று அசைபோட்டது. வண்டி திரும்பியது. வழியெல்லாம் ஆறுச்சாமி கமலாத்தாளின் ஐந்து விரலையும் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டே வந்தார். ஐம்பது, ஐம்பது, ஐம்பது.

"தெரியுதுங்க. நீங்க சொன்னது நெசந்தானுங்க. எனக்குத் தெரியுமுங்க" என்று அவள் அழுதாள்.

தை இருபத்தெட்டாம் தேதி, மகளையும் மிக்கேலையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு கல்பாத்திக்குப் போனாள். சாம்பசிவன் கட்டிய பெட்டிகளுக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பணத்தை இரண்டு முறை எண்ணினார்.

"ஐநூத்தெழுபது. நூத்திமுப்பது குறையறதே?"

"ரெண்டு மாசம் தவணை குடுங்க சாமி. எப்படியும் கட்டீர்றனுங்க."

"எனக்கு நாலாம் நாள் பம்பாய்க்கு வண்டியாக்கும். மகனோட இருக்கப் போறேன். இனிமே இந்தப் பக்கம் வருவேனோ என்னமோ." கராரை மூக்குக்கண்ணாடிக்கு அருகே பிடித்துப் பார்த்தார். "இதன்படி பார்த்தா முன்பணமும் போயிடும். அந்தப் பாவத்தை நான் செய்ய மாட்டேன், கேட்டேளா. மொத்தம் ஆயிரத்தெழுபது குடுத்திருக்கேள். அந்தத் தொகைக்கு உண்டான நிலத்தை உங்க பேர்ல ஆதாரம் எழுதித் தந்துடறேன். பாக்கி இருபத்திரண்டு சென்ட்டைப் பக்கத்துக் காட்டு துரைசுவாமி வாங்கிக்கறேன்னு நிக்கறான்."

கமலாத்தாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "எந்த இருபத்திரண்டு சென்ட்டுங்க சாமி?"

சாம்பசிவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கெணத்துமேடு. அது இல்லேன்னா அவன் வாங்க மாட்டேங்கறான்."

கிணறில்லாத காடு! இருபத்திரண்டு வருஷ உழைப்பில், சோலையின் தொழுவத்தில் நின்றுவிட்ட ஒரு காளையால், ஒரு கிணறு கைநழுவிப் போயிற்று. வேண்டாம் என்று சொல்ல முடியுமா? படுத்துக் கிடக்கும் புருஷனுக்கும் வளர்கிற பெண்ணுக்கும் வேறு கஞ்சி எங்கே இருக்கிறது? தலையசைத்தாள். ஆதாரப் பத்திரத்தில் கணவன் பெயரையும் தன் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னாள். எழுதியதை மகளை விட்டு அங்கேயே வாய்விட்டுப் படிக்கச் சொன்னாள்.

மாசியில் காட்டின் மேற்கு மூலையில் குடிசை போட்டார்கள். கட்டிலில் படுத்தபடி பார்த்தால் ஆறுச்சாமிக்குக் கிணறு தெரியும். நடுவே துரைசுவாமி போட்ட முள்வேலியும் தெரியும். அந்தப் பக்கம் முகம் வராதபடி கட்டிலைத் திருப்பிப் போட்டாள் கமலாத்தாள். அவர் இடக்கையால் கட்டிலைத் தட்டித் தட்டி, மறுபடியும் பழையபடி திருப்பச் சொன்னார்.

குடிக்கவும் செடிக்கு ஊற்றவும் தண்ணீர் வேண்டுமே. துரைசுவாமியைத் தேடி அவள் போகவில்லை. அவரைக் கட்டிலருகே வரவழைத்தாள். மிக்கேலும் கத்தரீனாளும் வந்திருந்தார்கள்.

துரைசுவாமி தாழ்ந்த குரலில், "அதெல்லாம் தனியாப் பேசிக்கலாமுங்க" என்றார்.

"வேண்டாமுங்க. எல்லாருங் கேக்கச் சொல்லுங்க."

"அப்படின்னா மாசம் அஞ்சு ரூவா குடுங்க."

"அஞ்சு ரூவாயா! கேட்டுக்குங்க மிக்கேலண்ணா, மாசம் அஞ்சு ரூவாயாமா!" என்று அவள் உரக்கச் சொன்னாள்.

விலையை அப்படிக் கத்தியதைக் கேட்டு ஆறுச்சாமி கண்ணை இறுக மூடிக்கொண்டார். உடம்பு முழுவதும் கூசிற்று. பிறகு இடக்கை அசைந்தது. அதன்மேல் எப்போதும் கிடக்கும் துண்டு நழுவிக் கீழே விழுந்தது. கை மெல்ல மேலே எழுந்தது. நாலு பேர் பார்க்க, வெட்டவெளியில், மூன்று விரல் நீண்டது.

"அடேங்கப்பா! கவுண்டரு இன்னுந் தரகு உடலயே!" என்று துரைசுவாமி சிரித்துவிட்டார். "மூணு கட்டாதுங்க. நாலு."

பழனாத்தாள் நோட்டில் எழுதினாள். எழுதியதைப் படித்தாள்: "தண்ணிக்கு மாசம் நாலு ரூவா. இந்த மாசியில இருந்து."

எல்லோரும் போனார்கள். கமலாத்தாள் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்து வேலியை நோக்கி நடந்தவள், திரும்பிப் பார்த்தாள். ஆறுச்சாமி கிணற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். நீட்டிய மூன்று விரல்களும் இன்னும் மடங்காமல் நின்றன. அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வந்து, ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.